ஏழு வாசல் குடங்கள்

எட்டாவது சொம்பு முதுகில் விழுந்ததும் விசாலாக்ஷி கண்ணை இறுக மூடிக்கொண்டாள். குளியல் கல்லின் மேல் குனிந்து உட்கார்ந்திருந்த அவளுடைய முதுகு சிவந்து போயிருந்தது. மாதேவி அண்டாவுக்குள் சொம்பை விட்டு மறுபடி மொண்டாள். பிள்ளை பெற்றவளுக்கு வெந்நீர் ஊற்றுவதைச் சும்மா தண்ணீர் கொட்டுகிற வேலை என்று நினைத்துக்கொண்டிருந்த பல பேரை அந்த அக்ரஹாரத்திலிருந்து ஒரே நாளில் அனுப்பியிருக்கிறார்கள். கையை உயர்த்தி, இடுப்பெலும்பில் அடித்து விழும்படி ஊற்ற வேண்டும். சூடு தோலோடு நிற்காமல் உள்ளே இறங்க வேண்டும். அந்தக் கை மாதேவிக்கு இருந்தது.

"போறும் மாதேவி, மூச்சு முட்டறது."

"இன்னும் நாலே சொம்புங்க அம்மிணி. இடுப்புக்கு இப்ப ஊத்தாட்டி, வயசான காலத்துல வலிக்குமுங்க."

நாலு என்று சொல்லி ஆறு ஊற்றினாள். விசாலாக்ஷி துவண்டு எழுந்து, துணியைச் சுற்றிக்கொண்டு, சாம்பிராணிப் புகை போட்டிருந்த அறைக்குள் போனாள். கொல்லைக் கதவடியில் அவளுடைய அம்மா அன்னபூர்ணி நின்றிருந்தாள்.

"மிச்ச ஜலத்தைக் கொட்டிட்டு அண்டாவைப் புதுசா ரொப்பிடுடி."

ஒரு நாள் குளியலில் மிஞ்சியதை இன்னொன்றுக்கு எடுக்கக் கூடாது என்பது அந்த வீட்டு வழக்கம். அண்டாவில் பாதிக்கு மேல் இருந்தது. மாதேவி விளிம்பைப் பிடித்துச் சாய்த்தாள். ஆவி பறக்க வெந்நீர் முழுவதும் சாக்கடையில் ஓடி மறைந்தது. பிறகு குழாயைத் திருகினாள். இங்கே குழாய்க்குக் காத்திருக்க வேண்டியதே இல்லை. திருகினால் சீறிக்கொண்டு வந்தது. பன்னிரண்டு குடம். தினமும் எண்ணாமல் இருக்க வேண்டும் என்று நினைப்பாள், தினமும் எண்ணுவாள்.

அவளுக்கு ஒரே மகள், மல்லம்மா. அனூரில் கட்டிக்கொடுத்திருந்தது. இது ஏழாம் மாதம். பதினோரு வருஷத்தில் அக்ரஹாரத்து வீட்டுப் பெண்கள் ஆறு பேரின் முதுகை மாதேவி வெந்நீர் ஊற்றி நிமிர்த்தியிருக்கிறாள். தன் மகளின் முதுகுக்கு ஊற்றப் போகிற நாளை நினைத்துத்தான் மற்ற முதுகுகளுக்கெல்லாம் ஊற்றினாள் என்றுகூடச் சொல்லலாம். மல்லம்மாவின் வலது தோளுக்குக் கீழே ஒரு மச்சம் உண்டு. கல்யாணமான பிறகு மாதேவி அதைப் பார்க்கவில்லை. புருஷன் சித்தையனிடம் சொல்லி, மகள் உட்கார்ந்து குளிக்கப் பலாமரத்தில் ஒரு மணையும் செய்து வாங்கி வைத்துவிட்டாள். மணை வந்துவிட்டது. தண்ணீர்தான் வர வேண்டியிருந்தது.

அவர்கள் குடியிருந்தது தேவராஜ மொஹல்லாவில், மார்க்கெட்டுக்குப் பின்புறச் சந்தில், ஒரே வாசலுக்குள் ஏழு வீடுகள் கொண்ட வளவு. சித்தையனுக்கு மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிற வேலை. பக்கத்து வீட்டில் கமலம்மாள் ஊதுபத்தி உருட்டினாள். கோடி வீட்டில் தையற்காரன் காளிதாஸ். நடு முற்றத்தில் ஏழு வீட்டுக்கும் சேர்த்து ஒரு குழாய். வீட்டுக்காரர் நஞ்சுண்டசாமி சந்து முனையில் மாடி வைத்த வீட்டில் இருந்தார். யுத்தத்துக்கு முன்னால் அவரும் மனுஷர்தான், குழாயும் காலை மாலை இரண்டு வேளையும் வந்தது.

யுத்தம் வந்ததும் ஊரில் வீட்டுக்குத் தட்டுப்பாடு வந்தது. பட்டாளத்துக்குச் சாமான் சப்ளை செய்கிறவர்கள் இரண்டு பங்கு, மூன்று பங்கு வாடகை தரத் தயாராக நின்றார்கள். வாடகையை இஷ்டத்துக்கு ஏற்றக் கூடாது, இருப்பவர்களைக் கிளப்பக் கூடாது என்று சர்க்கார் உத்தரவு போட்டிருந்தது. ஏற்ற முடியாத வாடகைக்கு நஞ்சுண்டசாமி வேறு வழி கண்டுபிடித்தார். முதலில் சாயங்காலத் தண்ணீர் நின்றது. அடுத்து நடைவிளக்கு போயிற்று. கக்கூஸ் கூட்டுகிறவன் வருவது நின்றது. காலைத் தண்ணீர் அரை மணியானது. தாங்களாகவே கிளம்பிவிடுவார்கள் என்று பார்த்தார்.

அவர்கள் கிளம்பவில்லை. கன்னடமும் கொஞ்சம் இங்கிலீஷும் படித்த காளிதாஸ் வாடகை அதிகாரிக்கு ஒரு மனு எழுதினான். அவனுக்குக் கோபம் மூக்கின் மேல் இருக்கும், ஆனால் எழுத்து மட்டும் நிதானமாக இருக்கும். "அக்கா, நம்ம கையில கானூன், சட்டம் இருக்கு. இருந்த வசதியக் குறைக்கவும் கூடாது அவரு. மொத கையெழுத்து நீங்க போடுங்க," என்றான். மாதேவிக்குக் கையெழுத்து ஏது? கட்டைவிரலை மையில் தோய்த்து, ஏழு வீட்டில் முதல் ஆளாக வைத்தாள்.

மனு போன நாலாம் நாள் நஞ்சுண்டசாமி ஒரு தச்சனைக் கூட்டி வந்தார். குழாயைச் சுற்றி ஆளுயரத்துக்குப் பலகை அடித்து, பெட்டி போலாக்கி, பித்தளைப் பூட்டுப் போட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். "சர்க்கார்கிட்டப் போனீங்கல்ல? சர்க்கார் நீரு கொடுக்கும், குடீரி," என்றார். பூட்டினதையும், குடிக்கவும் நீர் இல்லை என்பதையும் காளிதாஸ் இன்னொரு தாளில் எழுதி, மனுவோடு சேர்க்க அனுப்பினான்.

அந்த மாத வாடகையைக் கொண்டுபோனபோது, வேண்டாம், இருக்கட்டும் என்று திருப்பி அனுப்பிவிட்டார். மனசு இளகிவிட்டது என்று கமலம்மாள் சந்தோஷப்பட்டாள். காளிதாஸ் தலையில் அடித்துக்கொண்டான். "இளகவும் இல்ல, ஒண்ணும் இல்லக்கா. நாளைக்கு வாடகையே கொடுக்கலன்னு சொல்லி வெளியே தள்ளறதுக்கு!" அன்றே ஏழு பேர் வாடகையையும் மணியார்டரில் அனுப்பினான். வாங்க மறுத்ததாகத் தபால்காரர் எழுதித் திருப்பிய தாள்களைத் துணி மூட்டைக்குள் பத்திரமாக வைத்தான். வளவில் எல்லாருக்கும் அவன்மேல் நம்பிக்கை பிறந்தது அப்போதுதான்.

தண்ணீர் மட்டும் தெருவிலிருந்து வந்துகொண்டிருந்தது. மார்க்கெட் முனைக் குழாய் விடியற்காலையில் ஒரு மணி நேரம் வரும். இருநூறு குடம் வரிசையில் நிற்கும். மாதேவிக்கு நல்ல நாளில் இரண்டு குடம் கிடைத்தது. அக்ரஹாரத்து வீட்டில் ஒரு குடம் கேட்டுப் பார்க்கலாமே என்று கமலம்மாள் சொன்னாள். பிள்ளை பெற்ற வீட்டிலிருந்து தண்ணீரும் நெருப்பும் வெளியே தரமாட்டார்கள் என்பது மாதேவிக்குத் தெரியும். அவளும் தன் மகள் பிள்ளை பெற்றிருந்தால் தரமாட்டாள்.

தசராவுக்கு விளக்கு பார்க்க வந்த சம்பந்தியம்மாள் மாதம்மா, பூட்டிய பெட்டியையும் காலிக் குடங்களையும் பார்த்துவிட்டுப் போயிருந்தாள். கெட்டவள் என்று அவளைச் சொல்ல முடியாது. பட்டதைச் சொல்கிறவள்.

"தண்ணிக்கு இப்படி நாயாப் பேயா அலையறீங்க. இங்க எப்படிச் சம்பந்தி வாயும் வயிறுமா இருக்கறவள அனுப்பறது? குழாய் தொறக்கட்டும். ஒம்பதாம் மாசம் பொறந்த அன்னிக்கே நானே கூட்டியாந்து உடறேன்."

"தொறந்துருமுங்க. அர்ஜி போட்டிருக்குதுங்க," என்றாள் மாதேவி.

எட்டாம் மாதம் பிறந்த வாரத்தில் நஞ்சுண்டசாமி அவளைத் தனியாகக் கூப்பிட்டு அனுப்பினார். மாடி வீட்டு வராந்தாவில் உட்காரக்கூடச் சொன்னார். அவள் நின்றுகொண்டாள்.

"ஏனம்மா, மகள் பிரசவத்துக்கு, பாணந்தனத்துக்கு வர்றாளாமே. சந்தோஷம். அர்ஜியில நீ விரல் பெட்டு வச்சதத் தப்புன்னு சொல்லிடு. உனக்கு மட்டும் ஒரு சாவி கொடுக்கறேன். மூணு மாசம் எத்தன நீர் வேணுமோ பிடி. மத்தவங்களுக்குச் சொல்ல வேண்டாம்."

வீட்டுக்கு வந்து மாதேவி அடுப்புப் பற்றவைக்காமல் உட்கார்ந்திருந்தாள். ஒரு சாவி. மல்லம்மா வந்துவிடுவாள். முற்றத்தில் அடுப்பு மூட்டி, பலா மணையில் உட்காரவைத்து, அந்த மச்சத்தின் மேல் ஊற்றலாம். அவள் வாயில் எச்சில் ஊறுகிற மாதிரி அந்த ஆசை ஊறிற்று. பக்கத்து வீட்டில் கமலம்மாள் பத்திக் கலவை பிசைய, நேற்றுக் கால் கழுவின தண்ணீரை வடிகட்டிக்கொண்டிருந்தாள். முற்றத்தில் இவள் மட்டும் குழாய் திறக்கிற சத்தம் கேட்டால் கமலம்மாள் எதுவும் கேட்கமாட்டாள். அதுதான் கஷ்டம்.

"நீ என்ன சொன்னே?" என்று கேட்டான் சித்தையன்.

"ஒண்ணும் சொல்லலீங்க. ஆபீசர் நேர்ல வந்து பாக்கப் போறாராமா. காளிதாசுக்குக் காயிதம் வந்திருக்குது. அவரு பாத்தா எல்லாருக்குந்தான தொறக்கும்?"

"அதுவுஞ் செரிதான்."

அதிகாரி வருவது வியாழக்கிழமை பத்து மணிக்கு. புதன்கிழமை மத்தியானம் காளிதாஸ் தன் கோட்டுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே, என்ன பேச வேண்டும் என்று எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்தான். எத்தனை மாதமாகத் தண்ணீர் இல்லை, எங்கிருந்து எடுக்கிறோம், யார் பூட்டியது. குடத்தைப் பற்றி அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவில்லை. அன்று ராத்திரி ஆபீசுக்குப் பக்கத்தில் தெரிந்தவர் கடையில் தங்கி, காலையில் அதிகாரியை ஜட்கா வண்டியில் அவன் அழைத்துவருவான் என்று ஏற்பாடு.

அவன் போன பிறகு மாதேவி முற்றத்தைப் பார்த்தாள். ஏழு வாசலிலும் குடங்கள் வாயைப் பிளந்துகொண்டு காலியாக இருந்தன.

"அக்கா, நாளைக்கு அவரு உள்ள நுழையறப்ப இதுகளா மொகத்துல முழிக்கும்?" என்றாள் கமலம்மாளிடம்.

கமலம்மாளுக்கும் சுருக்கென்றது. நல்ல காரியத்துக்கு வருகிற மனுஷன் எதிரில் காலிக் குடம் வைப்பார்களா? சந்தில் போகிறவன்கூடக் காலிக் குடம் எதிரே வந்தால் நின்று, ஒரு வாய் எச்சிலைத் துப்பிவிட்டுப் போவான். இது சும்மா வருகிறவர் அல்ல. அவர் எழுதுகிற ஒரு வரியில்தான் மல்லம்மா வருவதும் வராததும் இருந்தது.

ஏழு வீட்டுப் பெண்களும் அன்று சாயங்காலமே ஆரம்பித்துவிட்டார்கள். ஜட்கா நிறுத்தத்தில் குதிரைகளுக்குத் தண்ணீர் காட்டுகிற கிணற்றுக்காரனைக் கெஞ்சி எட்டுக் குடம். கோயில் கிணற்றில் பூசாரிக்குத் தெரியாமல் ஐந்து. விடியற்காலையில் மார்க்கெட் குழாயில் சண்டை போட்டு, கமலம்மாளின் முன்கையில் யாரோ நகத்தால் கீறிவிட, மேலும் எட்டு. சித்தையன் மூட்டை தூக்குகிற தலையில் சும்மாட்டைப் போட்டு மூன்று குடத்தை ஒன்றாகச் சுமந்து வந்தான். பித்தளையைப் புளி போட்டுத் தேய்த்தார்கள். மண் குடங்களுக்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைத்தார்கள். வாசலுக்கு மூன்று, ஏழு வாசலில் இருபத்தொரு குடம், விளிம்பு தளும்பத் தளும்ப நின்றன. மாதேவி தன் வாசல் குடத்தில் ஒரு கொத்து மாவிலையும் வைத்தாள். வைத்துவிட்டு மாதேஸ்வரன் மலை இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டாள். வளவு இவ்வளவு அழகாக இருந்து அவள் பார்த்ததில்லை.

பத்து மணிக்கு நஞ்சுண்டசாமி வந்தார். கூடவே கையில் முறுக்குச் சாவியோடு ஒரு குழாய் வேலைக்காரன். குழாய் பழுது, சரிசெய்யத்தான் பூட்டியிருக்கிறது என்று காட்டுவதற்காக இருக்கும். நிலைவாசலைத் தாண்டி முற்றத்தைப் பார்த்தவர் அப்படியே நின்றார். குடங்களை ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு குழாய்க்காரனிடம் திரும்பி, நீ போகலாம் என்று கண்ணால் சொன்னார்.

ஜட்கா வந்து நின்றது. அதிகாரி நடுத்தர வயதுக்காரர், சரிகைத் தலைப்பாகை, கையில் தோல்பை. உள்ளே காலை வைத்தவர் நிறைகுடங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, தன்னையறியாமல் ஒரு குடத்தை விரலால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மாதேவிக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அவருக்குப் பின்னால் நுழைந்த காளிதாஸின் முகம் மட்டும் ஏன் அப்படி வெளுத்தது என்று அவளுக்குப் புரியவில்லை.

அதிகாரி தோல்பையிலிருந்து மனுவை எடுத்துப் படித்தார். குடங்களைப் பார்த்தார். மறுபடி மனுவைப் பார்த்தார்.

"குடிக்கவும் நீர் இல்லை என்று எழுதியிருக்கிறீர்களே?" என்று கன்னடத்தில் கேட்டார்.

"நோடி சுவாமி, நீங்களே நோடி," என்றார் நஞ்சுண்டசாமி. வேறு எதுவும் அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை. குழந்தைகள் வீணாக்காமலிருக்க, பிடித்து முடிந்ததும் பூட்டுவது வழக்கம் என்று மட்டும் சேர்த்துக்கொண்டார்.

"சார், பொய் சார்! வெளியிலிருந்து சுமந்து வந்த தண்ணி சார் இது!" என்று காளிதாஸ் குரலை உயர்த்தினான்.

"எங்கிருந்து?"

மாதேவி முன்னால் வந்தாள். எங்கெங்கிருந்து என்று கன்னடத்தில் ஒன்று விடாமல் சொன்னாள். குதிரைக் கிணறு எட்டு, கோயில் ஐந்து, தெருக்குழாய் எட்டு.

"ஒரு மணி நேரம் வருகிற தெருக்குழாயில் எட்டுக் குடமா? வரிசையில் நின்றா?" அதிகாரி சிரித்துவிட்டார். "சரி, அப்படியே இருக்கட்டும். நீர் இல்லை என்று காட்ட வேண்டிய நாளில் ஏனம்மா இவ்வளவு பாடுபட்டு நிரப்பி வைத்தீர்கள்?"

"நீங்க வர்றீங்கன்னுதானுங்க சாமி," என்றாள். அவசரத்தில் தமிழே வந்துவிட்டது. "வர்றவங்க மொகத்துக்கு நேரா வெறுங்கொடம் எப்படீங்க வெப்போம்?"

அதிகாரி மனுவை மடித்துப் பையில் வைத்தார். அவருக்குத் தமிழ் புரிந்தது. அவள் சொன்னதும் புரிந்தது. அவர் வீட்டிலும் அப்படித்தான் செய்வார்கள்.

"நான் கண்ணால் பார்த்ததைத்தான் எழுத முடியும், தாயி," என்றார். ஒரு குடத்தின் பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து எழுதினார்.

காகிதம் பதினைந்தாம் நாள் வந்தது. குடியிருப்போருக்குத் தண்ணீர் தாராளமாகக் கிடைப்பது நேரில் காணப்பட்டது, மனு தள்ளுபடி. காளிதாஸ் படித்துக் காட்டிவிட்டு மடித்து, மணியார்டர் தாள்களோடு வைத்தான். அவனுக்கு வர வேண்டிய கோபம்கூட வரவில்லை.

"என் தப்பு அக்கா. காலிக் குடத்தத்தான் காட்டணும்னு நான் வாயத் தொறந்து சொல்லியிருக்கணும். விடறதில்ல. மறுபடி அர்ஜி போடலாம். அவங்க திரும்ப வர மூணு மாசம் ஆகும்."

மூன்று மாதம் என்றதும் மாதேவி விரலை மடக்கினாள். அதற்குள் பேரக்குழந்தைக்குக் கழுத்து நின்றுவிடும்.

அன்று சாயங்காலம் அவள் மாடி வீட்டுக்குப் போனாள். யாரிடமும் சொல்லாமல் போனாள். படியில் நின்று, முந்தானையைக் கையில் முறுக்கிக்கொண்டு, மூணு மாசத்துக்கு வேண்டாமுங்க, நாப்பது நாளைக்கு மட்டும், என்றாள். நஞ்சுண்டசாமி வெற்றிலையை மென்றுகொண்டே அவளைப் பார்த்தார்.

"உங்க வளவுல நீர் தாராளமா இருக்கு அம்மா. சர்க்காரே எழுதியாச்சு. நான் கொடுக்கறதுக்கு ஏனு இருக்கு?"

அவள் வீட்டுக்குத் திரும்பி, கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். கமலம்மாளுக்குக் கேட்டிருக்கும். கதவைத் தட்டவில்லை. கொஞ்சம் பொறுத்து, தன் பங்குத் தண்ணீரில் பாதியை ஒரு சொம்பில் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போனாள்.

ஒன்பதாம் மாதம் பிறந்தது. மாதம்மா சொல்லி அனுப்பியிருந்தாள், பிரசவத்தை அனூரிலேயே பார்த்துக்கொள்கிறோம், மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று. சித்தையன் கரியில் ஓடுகிற பஸ்ஸில் கொள்ளேகால் போய் அங்கிருந்து அனூர் போகப் புறப்பட்டான். வளையல், பூ, எள்ளுருண்டை எல்லாவற்றையும் மாதேவி ஒரு கூடையில் கட்டிக்கொடுத்தாள். கடைசியாகப் பலா மணையைத் துணியில் சுற்றி அவன் தலையில் வைத்தாள்.

"நீயும் வரலாமல்ல புள்ள?"

"அம்மிணிக்கு மூணு மாசக் கணக்குல இன்னும் பதினெட்டு நாள் ஊத்தோணும். போனா வேற ஆள வெச்சுருவாங்க."

"மல்லாகிட்ட என்ன சொல்லட்டும்?"

அவள் யோசித்தாள். "ஊத்தறவகள இடுப்புல அடிச்சு ஊத்தச் சொல்லுங்க. மெதுவாக் கொட்டுனா ஆகாதுன்னு சொல்லுங்க."

ஏழாம் நாள் காலையில் மார்க்கெட்டுக்கு வந்த அனூர்க்காரன் ஒருவன் செய்தி சொன்னான். நாள் முந்திக்கொண்டுவிட்டது. பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் சுகம். கேட்டுவிட்டு மாதேவி அக்ரஹாரத்துக்கு நடந்தாள். நடையில் சந்தோஷம் இருந்தது, கால் மட்டும் கிழக்கே, அனூர்ப் பக்கம் போகப் பார்த்தது.

விசாலாக்ஷி இப்போது நன்றாகத் தேறியிருந்தாள். எட்டுச் சொம்பிலேயே போதும் என்று எழுந்துவிட்டாள். "உனக்குப் பேத்தியாமே, அம்மா சொன்னா. நீ போய்ப் பார்க்கலையா?" என்று கேட்டாள்.

"போவணுமுங்க அம்மிணி."

விசாலாக்ஷி உள்ளே போனாள். கதவடியிலிருந்து அன்னபூர்ணியின் குரல் வந்தது. "மிச்சத்தைக் கொட்டிட்டு ரொப்பிடு மாதேவி."

அண்டாவில் பாதிக்கு மேல் வெந்நீர் இருந்தது. மாதேவி விளிம்பில் கை வைத்தாள். சாய்க்கவில்லை. சொம்பை எடுத்து மொண்டாள். காலியாக இருந்த குளியல் கல்லுக்குப் பின்னால் நின்று, கையை உயர்த்தி, ஒரு பெண் குனிந்து உட்கார்ந்தால் இடுப்பு வருகிற இடத்தில் அடித்து ஊற்றினாள். தண்ணீர் கல்லில் விழுந்து தெறித்தது. இன்னொரு சொம்பு மொண்டாள். அண்டா காலியாகும் வரைக்கும், ஒவ்வொரு சொம்பாக, வலது தோளுக்குக் கீழே கொஞ்சம் மெதுவாக, ஊற்றிக்கொண்டே இருந்தாள்.